சாமுராய் பலகை ஆட்டம்: கொங்குப் பக்கத்துப் புது ஆட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரைனர் க்னீட்சியா வடிவமைத்து 1998-ல் ஜெர்மனியில் வெளியான 'சாமுராய்' ஆட்டத்துக்கான கேள்வி-பதில் இது. ஜப்பான் வரைபடத்தின் மேல் அறுகோணச் சில்லுகளை வைத்து, ஊர்களைச் சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டும். 2 முதல் 4 பேர் ஆடலாம். விதி பழகியவர்களுக்கு முக்கால் மணி நேரம் போதும். முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்கிற கேள்விகளை அவர்கள் கேட்கிற மாதிரியே போட்டிருக்கிறோம்.

மூன்று சொற்களை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீங்கள் கையில் பிடித்து வைப்பது சில்லு. அதை வைக்கும் இடம் கட்டம். ஊரில் நின்றுகொண்டு பிடிபடக் காத்திருப்பது பொம்மை.

ஏனுங்க, பகடையும் இல்ல, படையை நகத்தறதும் இல்லைங்கறீங்க. அப்புறம் எப்படிங்க நாடு பிடிக்கிறது?

சுற்றி அடைத்துத்தான். ஆடுபுலி ஆட்டம் தெரியுமல்லவா? 15 ஆடுகள் சேர்ந்து 3 புலிகளை நகரவிடாமல் அடைக்கிற அதே புத்திதான் இங்கேயும் வேலை செய்கிறது. ஒரு ஊரைச் சுற்றியுள்ள நிலக்கட்டங்கள் எல்லாம் நிரம்பியதும் அந்த ஊர் பிடிபடும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: அடைக்கும் சில்லுகள் உங்களுடையவையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. எல்லோர் சில்லும் ஒட்டுக்கா சேர்ந்துதான் ஊரை அடைக்கிறது. அடைத்து முடிந்ததும் யாருடைய சில்லுகளின் கூட்டுத்தொகை அதிகமோ, பொம்மை அவருக்கு.

தாயம் மாதிரி விழுந்தால்தான் உண்டு என்பது இதில் இல்லை. சில்லு எந்த வரிசையில் கைக்கு வருகிறது என்பது ஒன்றுதான் அதிர்ஷ்டம். பகடை உருட்டிப் படையோடு படை மோதுகிற ஆட்டம்தான் வேண்டுமென்றால் அது வேறு: 1986-ல் வந்த 'ஷோகன்'. அதைத்தான் பின்னால் 'சாமுராய் ஸ்வோர்ட்ஸ்' என்றும், 2011-ல் 'இகுசா' என்றும் பெயர் மாற்றி வெளியிட்டார்கள். பெயர் குழம்பி அதை வாங்கிவிடாதீர்கள். அதற்கு ஒரு மத்தியானம் முழுக்க வேண்டும்.

ஒருத்தருக்கு எத்தனை சில்லு? எல்லாருக்கும் ஒரே மாதிரிங்களா?

ஆளுக்கு 20. நிறம்தான் வேறு, சில்லுகள் அச்சு அசல் ஒன்றே. இந்த 20-ஐயும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எதிராளி கையில் இன்னும் என்ன இருக்க முடியும் என்று கணக்குப் போட இதுதான் அடிப்படை.

சாமுராய் சில்லு 5: மதிப்பு 1, 1, 2, 2, 3. இது மூன்று வகைப் பொம்மைக்கும் செல்லும். கோட்டைச் சில்லு 3, புத்தர் சில்லு 3, நெல் சில்லு 3: ஒவ்வொரு வகையிலும் மதிப்பு 2, 3, 4. இவை தத்தம் வகைப் பொம்மைக்கு மட்டுமே செல்லும். ஆக 14 சாதாரணச் சில்லுகள்.

மீதி 6-லும் ஒரு ஜப்பானிய எழுத்து அச்சாகியிருக்கும். அதனால் அவற்றை எழுத்துச் சில்லு என்போம். கப்பல் 3 (மதிப்பு 1, 1, 2), ரோனின் 1 (மதிப்பு 1), பொம்மை மாற்று 1, சில்லு மாற்று 1. ரோனின் என்றால் தலைவன் இல்லாத சாமுராய்.

பொம்மைகளும் மூன்றே வகை: கோட்டை (சில பதிப்புகளில் இது தலைக்கவசம்), புத்தர், நெல். போர்வீரர், சமயத்தார், குடியானவர் என்ற மூன்று தரப்பின் ஆதரவை இவை குறிக்கின்றன. 2 பேர் ஆடினால் வகைக்கு 7, 3 பேருக்கு 10, 4 பேருக்கு 13 பொம்மைகள். பலகை துண்டுகளாக இருக்கும். ஆள் கூடக்கூடப் பலகையும் பெரிதாகும்.

ஆட்டத்தை எப்படி ஆரம்பிக்கிறது?

எடோவில் மூன்று வகையிலும் ஒவ்வொரு பொம்மை வையுங்கள். இன்றைய டோக்கியோதான் எடோ. டோக்குகாவா இயேயசு 1603-ல் ஷோகன், அதாவது நாட்டை ஆளும் படைத்தலைவர், ஆனபின் ஆட்சியின் மையமாக இருந்த ஊர். மீதிப் பொம்மைகளை எல்லோரும் பிரித்துக்கொண்டு முறை வைத்து ஒவ்வொன்றாக ஊர்களில் வைக்க வேண்டும். பெரிய ஊருக்கு 2, சிற்றூருக்கு 1. பெரிய ஊரில் ஒரே வகைப் பொம்மை இரண்டு நிற்கக்கூடாது.

அப்புறம் ஆளுக்கு ஒரு மறைப்பு அட்டையை முன்னால் நிறுத்தி, 20 சில்லுகளிலிருந்து பிடித்த 5-ஐ நீங்களே பொறுக்கிக்கொள்ளலாம். மீதி 15-ஐக் கவிழ்த்துக் கலக்கி ஓரமாக வையுங்கள். கையிருப்பு எப்போதும் 5.

ஒரு முறைக்கு எத்தனை சில்லு வைக்கலாம்?

சாதாரணச் சில்லு ஒன்றே ஒன்று. எழுத்துச் சில்லு எத்தனை வேண்டுமானாலும். இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம். ஆனால் குறைந்தது ஒரு சில்லாவது வைத்தே ஆக வேண்டும். வைத்து முடித்ததும் பிடிபட்ட ஊர் ஏதும் உண்டா என்று பார்த்து, பொம்மைகளை எடுத்து மறைப்புக்குப் பின்னால் வைத்துவிட்டு, கையில் 5 ஆகும்வரை சில்லு எடுங்கள்.

கப்பல் கடல் கட்டத்தில் மட்டும் நிற்கும். மற்றதெல்லாம் நிலத்தில் மட்டும். ஊர் இருக்கும் கட்டத்தின் மேல் யாரும் எதையும் வைக்கக்கூடாது. ஒருமுறை வைத்த சில்லு, சில்லு மாற்றால் எடுத்தாலொழிய, ஆட்டம் முடியும்வரை அங்கேயேதான். ஊர் பிடிபட்டபின்னும் எடுக்கக்கூடாது.

ஊரைச் சுத்தி கடலும் இருந்தா அதையும் அடைக்கணுங்களா?

வேண்டாம். நிலக்கட்டங்கள் நிரம்பினால் போதும். முதல் நாள் ஆட்டத்தில் நெம்பப் பேர் தடுமாறுவது இங்கேதான். கடற்கரையில் 3 நிலக்கட்டம் மட்டும் உள்ள சிற்றூர் வெசையாகப் பிடிபட்டுவிடும். 6 பக்கமும் நிலமாக இருக்கும் ஊர் கடைசிவரை நிற்கும். கப்பல் ஊரை அடைக்க உதவாது, கூட்டுத்தொகைக்கு மட்டும் உதவும். அதுவே அதன் பெரிய பலமும்கூட. எப்படி என்று கீழே, இரண்டு கட்டக் கணக்கில் வருகிறது.

பெரிய ஊர் பிடிபடும்போது ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். எடோவை ஒட்டி நீங்கள் கோட்டை 4 வைத்திருந்தால் கோட்டைப் பொம்மைக்கு 4, புத்தருக்கும் நெல்லுக்கும் 0. சாமுராய் 2 இருந்தால் மூன்றுக்கும் 2. ஒரே ஊரிலிருந்து மூன்று பேர் ஆளுக்கொரு பொம்மை கொண்டுபோவது சகஜம்.

முதலிடத்தில் இருவர் சமமாக நின்றால் அந்தப் பொம்மை யாருக்கும் இல்லை, ஒதுக்கி வைக்கப்படும். மூன்றாவதாக நிற்பவருக்கும் போகாது.

எப்ப வைக்கிறது, எப்ப கம்முனு இருக்கிறது? அதுதானுங்க புரிய மாட்டேங்குது.

ஆட்டத்தின் உயிரே இந்தக் கேள்விதான். ஊரைச் சுற்றி எத்தனை நிலக்கட்டம் காலி என்பதை ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள். இரண்டு காலி என்றால் கை வைக்கும்முன் நிறுத்தி யோசியுங்கள்.

ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். கடற்கரைச் சிற்றூர், 4 நிலக்கட்டம், 2 கடல் கட்டம். நடுவில் ஒரு கோட்டைப் பொம்மை. இருவர் ஆட்டம். நீங்கள் கோட்டை 3 வைக்கிறீர்கள். எதிராளி சாமுராய் 2 வைக்கிறார். கணக்கு 3-க்கு 2. நிலம் 2 காலி.

இப்போது "முன்னால் இருக்கிறோம், இன்னும் ஏற்றிவிடலாம்" என்று நீங்கள் சாமுராய் 2 வைத்தால் 5-க்கு 2 ஆகும். பார்க்க வலுவாகத்தான் தெரியும். ஆனால் காலி ஒன்றே ஒன்று. எதிராளி கோட்டை 4 போட்டு 6 ஆக்கி, அதே சில்லால் ஊரையும் அடைத்துவிடுவார். உங்கள் 5-ம் வீண், இரண்டு முறையும் வீண். இரண்டு காலி இருக்கும்போது ஒன்றை நிரப்புகிறவர், கடைசிக் கட்டத்தைத் தட்டில் வைத்து எதிராளிக்குக் கொடுக்கிறார். எதிராளிக்கும் இதே நிலைதான். அவர் அவசரப்பட்டுக் கோட்டை 4 வைத்தால் 3-க்கு 6. நீங்கள் உங்கள் கோட்டை 4-ஐ வைத்து 7-க்கு 6 என்று அள்ளிக்கொள்ளலாம். அதனால் இருவரும் அந்த ஊரைத் தொடாமல் வேறு பக்கம் ஆடுவார்கள்.

இந்த முடிச்சை அவிழ்ப்பவைதான் எழுத்துச் சில்லுகள். மூன்று வழி உண்டு.

முதல் வழி ரோனின். மதிப்பு 1-தான். ஆனால் சாதாரணச் சில்லோடு சேர்த்து வைக்க முடிகிற நிலச்சில்லு அது. ரோனினும் கோட்டை 2-ம் ஒரே முறையில் வைத்தால் இரண்டு கட்டமும் நிரம்பி, 6-க்கு 2 என்று ஊர் உங்களுக்கு. எதிராளிக்குப் பதில் சொல்ல முறையே கிடைக்காது. ரோனினை வெறும் 1 என்று நினைத்துத் தொடக்கத்திலேயே செலவழிப்பது புதியவர்கள் செய்யும் மிக விலை உயர்ந்த தவறு.

இரண்டாவது சில்லு மாற்று. பலகையில் ஏற்கெனவே இருக்கும் உங்கள் சில்லு ஒன்றை எடுத்து, காலியான இடத்தில் மாற்றுச் சில்லை வைத்துவிட்டு, எடுத்ததை வேறு இடத்தில் வைக்கலாம். மாற்றுச் சில்லுக்கு மதிப்பு இல்லை. ஆனால் கட்டத்தை அடைத்து நிற்கும். எங்கோ பிடிபட்டு முடிந்த ஊர் பக்கத்தில் உங்கள் கோட்டை 4 சும்மா நிற்கிறதா? அதைக் கொண்டுவந்து ஒரு கட்டத்தில் வையுங்கள், கையிலிருந்து இன்னொன்றை அடுத்த கட்டத்தில் வையுங்கள். ரோனின் வேலையை 4 மதிப்போடு செய்து முடிக்கும்.

மூன்றாவது கப்பல். இங்கே கணக்கு கூர்மையாக வேண்டும். கப்பல் 2-ம் சாமுராய் 2-ம் வைத்தால் 7-க்கு 2, நிலம் ஒன்று காலி. போதும் என்று தோன்றும். போதாது. இன்னொரு கடல் கட்டம் காலியாக இருக்கிறது. எதிராளி கோட்டை 4-ம் தன் கப்பல் 2-ம் வைத்தால் 8. அதே நேரம் நீங்கள் கப்பல் 2, கப்பல் 1 இரண்டையும் போட்டுக் கடலை அடைத்துவிட்டு சாமுராய் 2 வைத்தால் 8-க்கு 2. இனி அவரால் ஏற முடிவது 6 வரைதான். அப்போது தைரியமாக ஒரு கட்டத்தைக் காலியாக விடலாம்.

சுருக்கமாக மனதில் வைக்க வேண்டிய எண்கள்: கடைசி நிலக்கட்டம் ஒன்று, கடல் இல்லை என்றால் எதிராளி ஏற்றக்கூடியது அதிகபட்சம் 4. 5 முன்னிலை இருந்தால் பயம் இல்லை. 4 முன்னிலை என்றால் சமன் ஆகலாம். பக்கத்தில் ஒரு கடல் கட்டம் காலியாக இருந்தால் 6. அந்த வகையில் அவருடைய 4-ம் 3-ம் ஏற்கெனவே பலகைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தால் நிலத்தில் அவரால் ஏற்ற முடிவது சாமுராய் 3 வரைதான். அவர் சில்லு மாற்று இன்னும் வெளியே வரவில்லை என்றால் மட்டும் இந்தக் கணக்கை முழுதாக நம்ப வேண்டாம்.

மூன்று பேர், நான்கு பேர் ஆட்டத்தில் இந்த இரண்டு கட்டக் கணக்கு இன்னும் கூர்மையாகும். நீங்கள் ஒன்றை நிரப்பினால் அடுத்து ஆடுபவர்தான் அறுவடை செய்வார். உங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவர் அந்த ஊரில் எத்தனை வைத்திருக்கிறார் என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

பொம்மை மாற்று எதுக்கு ஆகும்?

பலகையில் நிற்கும் இரண்டு பொம்மைகளை இடம் மாற்றிவிட்டு, அந்தச் சில்லு ஆட்டத்தை விட்டே போய்விடும், கட்டத்தில் வைக்கப்படாது. மாற்றியபின்னும் ஒரே ஊரில் ஒரே வகை இரண்டு நிற்கக்கூடாது. எதிராளி நெல் 4, நெல் 3 என்று கொட்டி வளைத்திருக்கும் ஊரிலிருந்து நெல்லை எடுத்துவிட்டு, அங்கே புத்தரைக் கொண்டுவந்தால் அவர் கொட்டிய 7-ம் செல்லாக் காசு. அதே முறையில் நீங்களே ஊரை அடைத்தும் விடலாம். ஆட்டத்தின் பிற்பாதியில்தான் இதற்கு மதிப்பு. கிடைத்ததும் ஆசைப்பட்டுப் போட்டுவிடாதீர்கள்.

எப்ப முடியும்? யார் ஜெயிச்சாங்கன்னு எண்ணறதுல சண்டையே வந்துருதுங்க.

ஏதாவது ஒரு வகையின் கடைசிப் பொம்மை பலகையை விட்டுப் போனால் ஆட்டம் முடிந்தது. அல்லது சமன் ஆகி ஒதுக்கப்பட்ட பொம்மை 4 ஆகிவிட்டாலும் முடிந்தது.

எண்ணும் முறை இது. ஒவ்வொரு வகையிலும் யாரிடம் அதிகம் என்று பாருங்கள். இருவர் சமம் என்றால் அந்த வகையில் யாருக்கும் முதலிடம் இல்லை. இரண்டு வகையில் முதலிடம் பிடித்தவர் இருந்தால் அவரே வென்றார், மேற்கொண்டு எண்ண வேண்டாம். இல்லையென்றால், ஒரு வகையிலாவது முதலிடம் பிடித்தவர்கள் மட்டும் போட்டியில் நிற்பார்கள். அவர்கள் தங்கள் முதலிட வகையை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டு வகையில் எத்தனை வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அதில் அதிகம் உள்ளவர் வென்றார். அங்கேயும் சமம் என்றால் மொத்தப் பொம்மை எண்ணிக்கை.

சண்டை வருவது அந்த "மற்ற இரண்டு" என்ற இடத்தில்தான். அக்கா, தம்பி, மாமா மூவரும் ஆடி, கோட்டை 10-ம் தீர்ந்து ஆட்டம் முடிகிறது என்று வையுங்கள்.

அக்கா: கோட்டை 7, புத்தர் 1, நெல் 1.
தம்பி: கோட்டை 2, புத்தர் 4, நெல் 3.
மாமா: கோட்டை 1, புத்தர் 3, நெல் 4.

ஆளுக்கு ஒரு வகையில் முதலிடம். அக்காவின் மற்ற வகை 1 + 1 = 2. தம்பிக்கு 2 + 3 = 5. மாமாவுக்கு 1 + 3 = 4. தம்பி வென்றார். அக்காவிடமும் தம்பியிடமும் மொத்தம் 9 பொம்மைகள்தான். ஆனால் கோட்டையில் முதலிடத்துக்கு 3 இருந்தாலே போதும் என்னும் இடத்தில் அக்கா 7 பிடித்தார். அதற்குச் செலவான முறைகளில் நாலு புத்தரோ நெல்லோ வந்திருந்தால் ஆட்டமே வேறு. ஒரு வகையில் ஒன்று கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் பிடிப்பதெல்லாம் கணக்கில் ஏறாத சுமை. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் ஆட்டம் பாதி வசமாகிவிடும்.

பாதுகாப்பான முதலிடத்துக்கு எத்தனை? இருவர் ஆட்டத்தில் 7-ல் 4. மூவர் ஆட்டத்தில் 10-ல் 6. நால்வர் ஆட்டத்தில் 13-ல் 7. நடைமுறையில் மூவர், நால்வர் ஆட்டங்களில் இதைவிடக் குறைவாகவே முதலிடம் கிடைத்துவிடும். பிடித்தவை மறைப்புக்குப் பின்னால் போய்விடுவதால், மற்றவர்கள் என்ன எடுத்தார்கள் என்று நினைவு வைப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. கேட்டால் அவர்கள் சொல்ல வேண்டியதில்லை.

முதல் அஞ்சு சில்லுல எதை எடுக்கிறது?

எங்கள் பரிந்துரை: சாமுராய் 3, சாமுராய் 2, ஏதாவது ஒரு வகையில் 4, கப்பல் 2, ரோனின்.

காரணம் இதுதான். தொடக்கத்தில் இரண்டு மூன்று ஊரை ஒரே நேரத்தில் தொடும் கட்டங்கள் எல்லாம் காலியாக இருக்கும். அங்கே சாமுராய் 3 வைத்தால் அந்த 3 ஒவ்வொரு ஊருக்கும், ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகச் சேரும். பின்னால் அந்த இடங்கள் கிடைக்காது. எடோவுக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் உள்ள கட்டம் எப்போதும் முதலில் போகும். 4-ம் ரோனினும் கடைசிக் கட்டத்துக்காகக் காத்திருக்கட்டும்.

இரண்டு மாற்றுச் சில்லுகளையும் முதல் 5-ல் எடுக்காதீர்கள். மாற்றுவதற்குப் பலகையில் உங்கள் சில்லே இருக்காது. கையில் எழுத்துச் சில்லு 3 சேர்ந்துவிட்டால் சாதாரணச் சில்லு 2-தான் மிஞ்சும்; தேர்வே இல்லாமல் போய்விடும். அப்போது ஒரு கப்பலையாவது உருப்படியான இடம் பார்த்து வைத்துவிட்டுப் புதுச் சில்லு எடுங்கள்.

ரெண்டு பேரு, மூணு பேரு, நாலு பேரு: எதுல நல்லா இருக்கும்?

மூவர். இருவர் ஆட்டம் சதுரங்கம் மாதிரி இறுக்கமாக இருக்கும். பழகுவதற்கு அதுவே நல்லது. நால்வர் ஆட்டத்தில் உங்கள் முறை திரும்பி வருவதற்குள் பலகை மாறிவிடும்.

இங்கிலீசு படிக்கத் தெரியாத அப்பச்சி, அம்மாயி ஆட முடியுங்களா? குழந்தைங்க?

தாராளமாக. சில்லில் எழுத்துப் படிக்க வேண்டிய தேவையே இல்லை, படமும் எண்ணும்தான். ஆடுபுலி, பல்லாங்குழி ஆடிப் பழகிய பெரியவர்கள் இரண்டு கட்டக் கணக்கைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். 10 வயதுக்கு மேல் குழந்தைகள் முழு விதியோடு ஆடலாம். சின்னக் கண்ணுகளுக்கு இரண்டு மாற்றுச் சில்லையும் எடுத்துவிட்டு 18 சில்லோடு ஆட வையுங்கள்.

வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுலயே செஞ்சு பழகிப் பாக்கலாங்களா?

பார்க்கலாம். கோவையில் ஹார்டுவேர் கடைக்குப் பஞ்சமில்லை. எம் 20 நட்டு ஒன்று, எம் 24 நட்டு ஒன்று வாங்குங்கள். எம் 20-ன் எதிரெதிர் பக்கங்களுக்கு இடையே 30 மி.மீ., எம் 24-க்கு 36 மி.மீ. சின்னதைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தால் சில்லு. பெரியதைச் சுற்றி வரைந்தால் பலகைக் கட்டம். சில்லுக்கும் கட்டத்துக்கும் இடையில் சுற்றிலும் 3 மி.மீ. விட்டுப்போவதால் பக்கத்துச் சில்லைத் தள்ளாமல் விரலால் எடுக்கலாம்.

பலகை முழுவதையும் நட்டை வைத்தே வரைந்துகொண்டு போனால் பத்தாவது கட்டத்தில் கோணல் தெரியும். ஸ்கேலால் முதலில் மையப்புள்ளிகளைக் குறியுங்கள்: ஒரு வரிசையில் 36 மி.மீ.க்கு ஒரு புள்ளி. அடுத்த வரிசை 31 மி.மீ. கீழே, அந்த வரிசை முழுக்க 18 மி.மீ. தள்ளி. அப்புறம் நட்டின் துளை நடுவில் புள்ளி தெரியும்படி வைத்து வரையுங்கள்.

சில்லுக்கு புக் பைண்டிங் கடையில் கிடைக்கும் 2 மி.மீ. அட்டை சரி. பனியன் பெட்டி அட்டை எளிதாகக் கிடைக்கும், ஆனால் நாலு ஆட்டத்தில் மூலை மடங்கிவிடும். மடங்கினால் கவிழ்த்து வைத்தாலும் எது என்று தெரிந்துவிடும், ஆட்டம் கெட்டது. பின்பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். பொம்மைக்கு: கோட்டைக்குப் புளியங்கொட்டை, புத்தருக்குச் சோழி, நெல்லுக்கு மஞ்சள் கிழங்குத் துண்டு. ஒன்றோடொன்று தூரத்திலிருந்தே பிரித்தறிய முடியும்.

ஜப்பானுக்குப் பதிலா நம்ம கொங்கு நாட்டுப் படத்தை வரஞ்சு ஆடலாங்களா?

ஆடலாம், இரண்டு சிக்கலைத் தீர்த்தால்.

ஒன்று, நமக்குக் கடல் இல்லை. கடல் இல்லாவிட்டால் ஆளுக்கு 3 கப்பல் பாழ். மேலே சொன்ன மூன்றாவது வழியும் அடைபடும். அதனால் காவிரி, பவானி, நொய்யல், அமராவதி ஓடும் கட்டங்களைத் தண்ணீராக வரையுங்கள். கப்பலுக்குப் பரிசல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இந்த ஆட்டத்தில் எதுவும் பலகையில் நடந்து போவதில்லை என்பதால் ஆறு வழியை மறிக்காது, பாலம் தேவையில்லை. ஒரு ஊரைச் சுற்றி 2 தண்ணீர்க் கட்டத்துக்கு மேல் வேண்டாம். மேற்கே ஆனைமலை, வெள்ளியங்கிரிப் பக்கத்தை மலை என்று விட்டுவிடுங்கள். அங்கே யாரும் எதுவும் வைக்கக்கூடாது.

இரண்டாவது சிக்கல் அளவு. பெரும்பாலான வீட்டு வரைபடங்கள் இங்கேதான் தோற்கின்றன. இருவர் ஆட்டத்தில் பொம்மை 21. கோவைக்கு 3; ஈரோடு, திருப்பூர், கரூர் மூன்றுக்கும் இரண்டிரண்டாக 6; சிற்றூர் 12-க்கு ஒவ்வொன்று: மேட்டுப்பாளையம், சத்தி, கோபி, பவானி, பெருந்துறை, அவிநாசி, பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி. கணக்கு சரியாக வருகிறது. ஆனால் நிலத்தில் நிற்கக்கூடிய சில்லு ஒருவருக்கு 14 சாதாரணம், ரோனின், சில்லு மாற்று என 16 மட்டுமே. இருவருக்கும் 32. பலகையில் நிலக்கட்டம் 60 வரைந்தால் சில்லு தீர்ந்துபோகும், பாதி ஊர் பிடிபடாமலே நிற்கும். நிலக்கட்டம் 30 முதல் 34-க்குள் இருக்கட்டும். அதற்கு ஊர்களை நெருக்கி, ஒவ்வொரு நிலக்கட்டமும் சராசரியாக 2 ஊரையாவது தொடும்படி வரைய வேண்டும். பல்லடமும் காங்கேயமும் நிஜத்தில் இருப்பதைவிடக் கிட்டத்தில் வந்துவிடும், பரவாயில்லை.

விளையாடும்போது அடிக்கடி நடக்கிற தப்பு வேற ஏதாவது?

இரண்டு சாதாரணச் சில்லு வைத்துவிடுவது. எழுத்து இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும்.

சில்லு எடுக்க மறப்பது. 4 சில்லோடு இரண்டு சுற்று ஆடியபின்தான் தெரியும். முறை முடிந்ததும் எடுத்துவிட்டுத்தான் அடுத்தவர் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமன் ஆன பொம்மைகளைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிடுவது. எல்லோர் கண்ணிலும் படும்படி பலகை ஓரத்தில் வரிசையாக நிறுத்துங்கள். மூன்று நின்றுவிட்டால் அடுத்த சமன் ஆட்டத்தை முடித்துவிடும். முன்னால் இருப்பவர் வேண்டுமென்றே சமன் செய்து முடிக்கப் பார்ப்பார். பின்னால் இருப்பவர் அதைத் தடுக்க வேண்டும்.

ஆடி மாசத்துல திண்ணையில உக்காந்து ஆடினா சில்லெல்லாம் பறக்குதுங்க. என்ன பண்றது?

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் எந்த அட்டையும் நிற்காது. உள்ளே போய், மின்விசிறியை அணைத்துவிட்டு ஆடுங்கள். வெளியில்தான் வேண்டும் என்றால் மறைப்பு அட்டைதான் முதலில் விழும். அது விழுந்தால் கையும் தெரியும், பிடித்த பொம்மையும் தெரியும். அதன் அடியில் இரண்டு பக்கமும் துணி கிளிப் மாட்டி நிறுத்துங்கள். வீட்டில் செய்த சில்லு என்றால் 2 மி.மீ. அட்டை இரண்டை ஒட்டி 4 மி.மீ. ஆக்கிவிடலாம், ஒட்டியதும் ஒரு ராத்திரி முழுக்க அம்மிக்கல் மாதிரி கனமான எதையாவது மேலே வைத்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் வளைந்துவிடும்.